இருப்பதை வைத்து ஒரு பிஸ்கட்

சுட்டிகளே, முதலில் ஒரு கேள்வி. இட்லிக்கும் தோசைக்கும் ஒரே மாவுதான். இட்லி வெள்ளைவெளேர் என்று இருக்கிறது. தோசை மட்டும் ஏன் பொன்னிறமாக முறுகுகிறது? வாசனைகூட வேறாக இருக்கிறதே, கவனித்தீர்களா?

விடையைக் கையில் வைத்துக்கொண்டேன். பிஸ்கட் செய்து முடிப்பதற்குள் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள் பாருங்கள்!

இன்று நாம் செய்யப்போவது நெய் பிஸ்கட். வடக்கே இதை நான்கட்டாய் என்பார்கள். குஜராத்தின் சூரத் நகரம் இதற்குப் பேர்போனது. ஒரு கிண்ணம் மைதா, அரைக் கிண்ணம் பொடித்த சர்க்கரை, அரைக் கிண்ணம் நெய், இரண்டு சிட்டிகை ஆப்ப சோடா, கொஞ்சம் ஏலக்காய்த்தூள். அவ்வளவுதான்.

இதில் ஏதோ ஒன்று வீட்டில் இல்லையா? கடைக்கு ஓடாதீர்கள். எந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். அந்த வேலைக்கு வேறு ஆள் கிடைக்குமா என்று அலமாரியைத் திறந்து பார்க்கலாம்.

மைதாவில் தொடங்குவோம். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி விரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். துணி மாதிரி மெல்லிசாகிறது, ஆனால் சட்டென்று கிழிவதில்லை. மைதாவில் இருக்கும் புரதங்கள் தண்ணீர் பட்டுப் பிசையும்போது ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலை பின்னுகின்றன. அந்த வலையின் பெயர் குளூட்டன். பரோட்டாவுக்கு அது வேண்டும். பிஸ்கட்டுக்கு வந்தால் கடிக்கவே முடியாது!

வலை பின்னாமல் தடுப்பது யார்? நெய்தான். பலாப்பழம் உரிக்கும் முன் பாட்டி கையில் எண்ணெய் தடவிக்கொள்வார், பிசின் ஒட்டக் கூடாது என்று. நெய்யும் ஒவ்வொரு மாவுத் துகளையும் அப்படித்தான் பூசிவிடுகிறது. தண்ணீர் உள்ளே போக முடிவதில்லை. வலையும் பின்ன முடிவதில்லை. அதனால்தான் பிஸ்கட் வாயில் போட்டதும் பொலபொலவென்று உதிர்கிறது.

இதுவரை புரிந்ததா? சரி, நெய் இல்லை, வெண்ணெய்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாராளமாகப் போடலாம். ஆனால் கடை வெண்ணெயில் 100 கிராமுக்கு சுமார் 16 கிராம் தண்ணீர் இருக்கும். நெய்யில் அது காய்ச்சும்போதே ஆவியாகிப் போய்விட்டது. ஆக, வெண்ணெய் போட்டால் கொஞ்சம் வலை பின்னப்படும். பிஸ்கட் அவ்வளவாக உதிராது.

மைதாவுக்குப் பதில் கேழ்வரகு மாவு? அதில் குளூட்டனே கிடையாது. முழுக்க அதிலேயே செய்தால் தட்டிலிருந்து எடுக்கும்போதே உடைந்துவிடும். பாதிக்குப் பாதி கோதுமை மாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலை மாவிலும் குளூட்டன் இல்லை. மைதாவோடு கால் பங்கு கடலை மாவு கலந்தால் ஒரு தனி மணம் வரும். என் ஓட்டு அதற்குத்தான்.

வெள்ளைச் சர்க்கரை தீர்ந்துவிட்டதா? நாட்டுச் சர்க்கரை போடுங்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிஸ்கட் மொறுமொறுப்பாக இல்லாமல் சற்று மெத்தென்று வரும்.

ஆப்ப சோடா சூடு பட்டதும் கரியமில வாயுவை வெளியே விடும். அந்த வாயு மாவுக்குள் குட்டிக் குட்டித் துளைகளைப் போடும். பிஸ்கட் உப்பும். புளிப்பு பட்டால் சோடாவுக்குச் சூடுகூட வேண்டாம். ஒரு டம்ளர் மோரில் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள், எப்படி நுரைக்கிறது என்று! அதனால் மாவில் ஒரு தேக்கரண்டி தயிர் சேர்ப்பவர்களும் உண்டு. ஏன் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்திவிடுகிறார்கள்? தயிரில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் வந்தால் என்ன ஆகும்? "வலை!" என்று சொன்னீர்களா? சபாஷ்! சோடாவை மட்டும் அள்ளிப் போட்டுவிடாதீர்கள். சோப்பு மாதிரி கசக்கும்.

ஓவன் இல்லாவிட்டால் கவலையில்லை. கனமான பாத்திரத்தின் அடியில் கல்லுப்பைப் பரப்பி, நடுவில் ஒரு வளையத்தை வைத்து, மூடி, பத்து நிமிடம் சூடாக்குங்கள். மாவை உருட்டி, லேசாகத் தட்டி, நெய் தடவிய தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி உள்ளே வையுங்கள். சிறு தீயில் 20 முதல் 25 நிமிடம். பெரியவர் ஒருவர் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். இதில் மட்டும் பேரம் கிடையாது.

உள்ளே ஏன் உப்பு? தண்ணீர் ஊற்றினால் ஆகாதா? இங்கேதான் நம் இட்லிக் கேள்வி வருகிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அதற்கு மேல் சூடேறாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். இட்லிப் பானைக்குள்ளும் ஏறக்குறைய அதே சூடுதான். மாவு சிவந்து மணக்க அது போதாது. சுமார் 140 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில்தான் மாவின் புரதத்திலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வேகமாக வினைபுரிந்து புதுப்புது மணங்களையும் பழுப்பு நிறத்தையும் உண்டாக்கும். லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1912இல் இதைப் பற்றி எழுதினார். அவர் பெயராலேயே இதை மயார் வினை என்கிறார்கள். தோசைக்கல்லில் நடப்பதும் அதுதான். உப்புக்கு 100 டிகிரி தடை கிடையாது, அதையும் தாண்டிச் சூடேறும். இட்லி ஏன் சிவக்கவில்லை என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

வெளியே எடுத்ததும் பிஸ்கட் அமுங்கினால், வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே தள்ளாதீர்கள். சூட்டில் நெய்யும் சர்க்கரையும் இளகியிருக்கின்றன. ஆறினால் தானாக இறுகும்.

எல்லாவற்றையும் வட்டமாகவே செய்ய வேண்டும் என்று சட்டமா என்ன? ஒரு நிலா, ஒரு மீன், மிளகுக் கண் வைத்த ஒரு கிளி என்று இஷ்டம்போலச் செய்யுங்கள். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பு இன்னும் வெளுப்பாக இருக்கும்போதே கிளியின் வால் கருகத் தொடங்கிவிடும். ஏன்? வால் கருகாமல் கிளி செய்ய நீங்கள் என்ன மாற்றம் செய்வீர்கள்?