பழைய பெட்டிக்குப் புதிய உயிர்

ஒரு பொருள் பழுதுபட்டால் அதைச் செப்பனிடுகிறோம். செப்பனிட இயலாதபோது கழித்துவிடுகிறோம். நம் முன்னோர் காலந்தொட்டு இல்லங்களில் நடந்துவரும் முறை இது. பழுதே படாத பொருளைக் கழித்துவிடும் வழக்கமோ நம் தலைமுறையில் தோன்றியது. மின்சாரம் கொடுத்தால் விளக்கு எரிகிறது. உள்ளே வன்தட்டு சுழல்கிறது. தொலைக்காட்சித் திரையில் படமும் தோன்றுகிறது. ஆயினும் அப்பொருள் காலாவதியாகிவிட்டது என்கின்றனர். காரணம் யாதெனில், அதை உருவாக்கிய நிறுவனம் இனி அதற்கு ஆதரவு அளிப்பதில்லையாம். பணம் கொடுத்து வாங்கியவர் நாம். அதன் ஆயுளை வரையறுப்பவர் வேறொருவர். இது முறைதானா? இதற்கு மாற்று வழி உண்டா? இவ்வினாக்களுக்கு விடை காண, ஒரு குறிப்பிட்ட கருவியின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம்.

கருவியின் பிறப்பும் முதுமையும்

அமெரிக்க நாட்டு ஆப்பிள் நிறுவனம் 2007ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 'ஆப்பிள் டிவி' என்னும் சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கணிப்பொறியில் சேர்த்து வைத்துள்ள பாடல்களையும் படங்களையும் வீட்டுத் தொலைக்காட்சியில் கண்டு கேட்டு மகிழ உதவுவதே அதன் பணி. ஏறத்தாழ 20 செ.மீ. பக்கமுள்ள சதுர வடிவம், 3 செ.மீ.க்கும் குறைந்த உயரம். விலை 299 டாலர்.

பார்வைக்கு அது ஒரு பலகாரப் பெட்டியைப் போன்றிருப்பினும், உள்ளே இருப்பது முழுமையான ஒரு கணிப்பொறியே. 1 கிகாஹெர்ட்ஸ் வேகமுடைய இன்டெல் செயலி, 256 மெகாபைட் நினைவகம், 40 கிகாபைட் வன்தட்டு, படத்தைத் திரைக்கு அனுப்ப என்விடியா நிறுவனத்தின் சில்லு ஆகியவை அதில் அடங்கியிருந்தன. மேக் கணிப்பொறிகளின் இயங்குதளமே சிறிது மாற்றப்பட்டு அதில் பொருத்தப்பட்டிருந்தது. பின்புறம் யு.எஸ்.பி. துளை ஒன்றும் இருந்தது. ஆனால் அத்துளை பழுதுபார்ப்போரின் பயன்பாட்டுக்கே உரியது, வாங்கியவருக்கு அன்று என நிறுவனம் வரையறுத்திருந்தது.

2010ஆம் ஆண்டு செப்டம்பரில், வன்தட்டு இல்லாத புதிய ஆப்பிள் டிவி 99 டாலர் விலையில் வெளிவந்தது. பழையதன் விற்பனை நின்றது. 2015இல் யூடியூப் படங்களைக் காணும் வசதி அதில் அற்றுப்போயிற்று. 2018ஆம் ஆண்டு மே 25 முதல் நிறுவனத்தின் சொந்த விற்பனைத் தளமாகிய ஐடியூன்ஸ் ஸ்டோரும் அக்கருவிக்குக் கதவடைத்தது. கருவி அன்றும் நலமாகவே இருந்தது. அதற்குப் பணி கொடுப்பார்தாம் இல்லாமற் போயினர்.

இத்தகைய கருவிகள் இறுதியில் எங்கே சேர்கின்றன? ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் குவிந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன். அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. எஞ்சியதில் ஈயம், பாதரசம் முதலிய நச்சுப் பொருள்களும் உள்ளன. அவை மண்ணையும் நீரையும் சேர்ந்து இறுதியில் ஏழை எளியவரின் உடலைச் சேர்கின்றன.

உரிமையோடு பகிரப்படும் மென்பொருள்

இனி மாற்று வழியைக் காண்போம். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்றுவந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் இளைஞர், தாம் ஓர் இயங்குதளத்தை உருவாக்கி வருவதாக 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 25 அன்று அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. அதுவே லினக்ஸின் கரு. அடுத்த ஆண்டில் அதைப் பொது உரிமத்தின்கீழ் அவர் வெளியிட்டார். அவ்வுரிமம் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் வகுத்தது. 1983இலேயே 'குனு' என்னும் திட்டத்தை அறிவித்து, மென்பொருள் அனைவர்க்கும் உரியதாதல் வேண்டும் என வாதிட்டவர் அவர்.

இவ்வுரிமத்தின் சாரம் எளியது. மென்பொருளை யாரும் பயன்படுத்தலாம், அதன் மூல எழுத்தைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். ஆனால் திருத்தியதைப் பிறருக்கு வழங்குவோர் அதே உரிமைகளையும் சேர்த்து வழங்குதல் வேண்டும். ஒரு குடும்பத்தில் தாய் தன் மகளுக்குச் சமையற் பக்குவத்தைச் சொல்லித் தருகிறார். மகள் தன் கைப்பக்குவத்தையும் சேர்த்து அடுத்த தலைமுறைக்குத் தருகிறார். அதைப் போன்றதே இதுவும். எந்த ஒரு நிறுவனமும் தனித்து நின்று 'இன்றோடு முடிந்தது' என்று கூறி இதனை மூடிவிட முடியாது.

பூட்டும் திறவுகோலும்

ஆப்பிள் டிவி ஒரு கணிப்பொறியே என்றால், அதில் லினக்ஸை எளிதில் நிறுவிவிடலாம் அன்றோ என நீங்கள் எண்ணக்கூடும். அங்கேதான் ஒரு பூட்டு இருந்தது. மின்சாரம் கொடுத்ததும் முதலில் விழித்தெழுவது தாய்ப்பலகையில் உறையும் ஒரு சிறு நிரல். அது ஆப்பிளின் தொடக்கக் கோப்பைத் தேடி எடுக்கும். அக்கோப்பு, குறிப்பிட்ட பெயருடைய கருநிரலைத் தேடி நினைவகத்தில் ஏற்றும். அதன் பின்னரே இயங்குதளம் உயிர்பெறும். சாதாரணக் கணிப்பொறிக்குரிய லினக்ஸ் தட்டை இவ்வாயிற்காவலர் உள்ளே விடுவதில்லை.

ஆர்வலர்கள் கண்ட வழி இது: வாயிற்காவலரை வீழ்த்தாமல், அவர் எதிர்பார்க்கும் வடிவத்திலேயே விருந்தாளியை அனுப்புவது. அதாவது, சிறியதொரு லினக்ஸ் கருநிரலை, ஆப்பிளின் தொடக்கக் கோப்பு ஏற்கும் அமைப்பிலும் அதே பெயரிலும் உருவாக்கினர். 'ஏ.டி.வி. பூட்லோடர்' என அதற்குப் பெயர். அது நினைவகத்தில் ஏறியதும், பென் டிரைவிலோ வன்தட்டிலோ உள்ள முழுமையான லினக்ஸைக் கண்டறிந்து, தன் இடத்தை அதற்கு விட்டுக்கொடுத்து விலகிவிடும்.

பென் டிரைவிலிருந்து தொடங்க மற்றொரு சூட்சுமமும் உண்டு. அதிலுள்ள முதற்பகுதி, 'ஆப்பிள் டிவி மீட்புப் பகுதி' எனக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அக்குறி ஒரு நீண்ட எண். அதன் முதல் ஆறு பைட்டுகளை எழுத்துகளாக வாசித்தால், 'மீட்பது' என்று பொருள்படும் 'ரெகவர்' என்னும் ஆங்கிலச் சொல்லின் முதல் ஆறு எழுத்துகள் கிடைக்கின்றன. பழுதுபார்ப்போர் கருவியை மீட்பதற்கென அமைத்த வாயிலே பின்னாளில் கருவிக்கு மறுவாழ்வு தரும் வாயிலாயிற்று.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று. ஆப்பிளின் தொடக்கக் கோப்பு அந்நிறுவனத்தின் உடைமை. எனவே ஆர்வலர்கள் அதனைத் தாமே பகிரவில்லை. ஒவ்வொருவரும் நிறுவனம் வெளியிட்ட மென்பொருள் தொகுப்பிலிருந்தே அக்கோப்பைப் பிரித்தெடுத்துக்கொள்ளும்படி வழிவகுத்தனர். தம் உரிமையைக் கோருவோர் பிறர் உரிமையையும் மதித்தனர் என்பது இங்கே போற்றற்குரியது.

செய்முறை

இப்பணிக்கு வேண்டியவை: ஆப்பிள் டிவியும் அதன் ரிமோட்டும், வெறுமையான பென் டிரைவ் ஒன்று, லினக்ஸ் இயங்கும் வேறொரு கணிப்பொறி, வலையிணைப்புக்குக் கம்பி, யு.எஸ்.பி. துளை ஒன்றே உள்ளதால் அதனைப் பலவாக்கும் ஹப் ஒன்று; விசைப்பலகை.

முதலாவதாக, பென் டிரைவை இரு பகுதிகளாகப் பிரித்தல் வேண்டும். முதற்பகுதி சிறியதாயின் போதும். அதனை மேக் கணிப்பொறியின் கோப்பமைப்பில் வடிவமைத்து, மேற்கூறிய மீட்புக் குறியை இடுதல் வேண்டும். லினக்ஸிலுள்ள 'பார்ட்டெட்' என்னும் நிரலில் இதற்கெனவே ஒரு கட்டளை இருக்கிறது. இரண்டாம் பகுதி லினக்ஸுக்கு உரியது.

இரண்டாவதாக, முதற்பகுதியில் ஆப்பிளின் தொடக்கக் கோப்பையும், ஏ.டி.வி. பூட்லோடரையும், அதற்குரிய அமைப்புக் கோப்பையும் இடுக. இரண்டாம் பகுதியில் 32 பிட் செயலிகளுக்குரிய லினக்ஸ் பதிப்பொன்றை நிறுவுக. 256 மெகாபைட் நினைவகம் சாளரங்களும் சின்னங்களும் நிறைந்த திரைக்குப் போதாது. எழுத்துத் திரை மட்டும் உள்ள எளிய அமைப்பே பொருந்தும்.

மூன்றாவதாக, பென் டிரைவைக் கருவியில் செருகி மின்சாரம் கொடுக்க வேண்டும். கருவி தன் பழைய திரையையே காட்டுமாயின், ரிமோட்டிலுள்ள மெனு பொத்தானையும் கழித்தற்குறிப் பொத்தானையும் சேர்த்துச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க, கருவி மீண்டும் தொடங்கும். திரையில் வெள்ளெழுத்துகள் வரிசையாக ஓடுமாயின், லினக்ஸ் விழித்துக்கொண்டது என்று அறியலாம்.

நான்காவதாக, உடனே வன்தட்டில் கை வைத்தல் கூடாது. பென் டிரைவிலிருந்து இயங்கும்வரை உள்ளேயுள்ள வன்தட்டு தொடப்படுவதில்லை. டிரைவைக் கழற்றினால் கருவி பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஆதலால் சில நாள் இவ்வாறே இயக்கிப் பார்த்து, ஒலி, வலையிணைப்பு ஆகியவை சரியாக உள்ளனவா என்று தெளிந்த பின்னரே வன்தட்டில் நிறுவலாம்.

எச்சரிக்கைகள்

பகுதி பிரிக்கும் கட்டளைகள் கேள்வி கேளாமல் பணி முடிப்பவை. லினக்ஸில் வன்தட்டுக்கும் பென் டிரைவுக்கும் இடப்படும் பெயர்கள் ஒரே ஓர் எழுத்தில்தான் வேறுபடும். அவ்வெழுத்து பிறழ்ந்தால், பென் டிரைவுக்குப் பதிலாக வீட்டுக் கணிப்பொறியின் வன்தட்டே துடைக்கப்பட்டுவிடும். பிள்ளைகளின் படிப்புக் குறிப்புகளும், மறைந்த பெற்றோரின் நிழற்படங்களும், திருமண ஒளிப்படங்களும் ஒரு நொடியில் மறைந்துபோம். பழைய பெட்டி ஒன்றைக் காப்பாற்றப் புகுந்து குடும்பத்தின் நினைவுச் செல்வத்தை இழத்தல் பேதைமை. எனவே முதலில் அனைத்தையும் வேறொரு வன்தட்டில் படியெடுத்து, அதனைக் கணிப்பொறியிலிருந்து கழற்றி வைத்த பின்னரே பணியைத் தொடங்குக. கட்டளையை அழுத்துமுன் டிரைவின் கொள்ளளவைப் பார்த்து உறுதிசெய்துகொள்க.

மின்சாரம் மாற்றும் பகுதியும் இப்பெட்டிக்குள்ளேயே உள்ளது. ஆதலின் மின்கம்பி இணைந்திருக்கும்போது அதனைத் திறத்தல் தகாது; சிறுவரைத் தனியே திறக்க விடுதலும் தகாது.

பயன் என்ன?

இவ்வளவு உழைப்புக்கும் தக்க பயன் உண்டா? உண்மையை மறைக்காமல் கூறுவோம். இன்றைய உயர்தரத் திரைப்படங்களை இக்கருவி இயக்க இயலாது. ஆப்பிளின் சொந்த இயங்குதளத்திலேயே அதன் எல்லை 720 வரிப் படம்தான். முன்னர் ஆர்வலர்கள் சிலர் உள்ளேயிருந்த வைஃபை அட்டையைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் பிராட்காம் நிறுவனத்தின் கிரிஸ்டல் எச்.டி. அட்டையைப் பொருத்தி 1080 வரிப் படங்களை இயக்கினர். ஓப்பன்எலெக், கிரிஸ்டல்புன்டு ஆகிய பதிப்புகளும் இக்கருவிக்கெனக் கிடைத்தன. இன்று அவற்றைப் புதுப்பிப்பார் இல்லை. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13இல், 32 பிட் கணிப்பொறியில் புதிதாக நிறுவும் வசதியும் கைவிடப்பட்டது. கட்டற்ற மென்பொருளுக்கும் முதுமை உண்டு. ஆயினும் பழைய பதிப்புகளின் மூல எழுத்து பொதுவில் இருக்கிறது. பராமரிக்க முன்வருவாரைத் தடுப்பார் இல்லை.

எனினும் சிறு பணிகளுக்கு இப்பெட்டி போதும். ஒலிக்கு ஒளியிழைத் துளையும் சாதாரண ஒலிக்கம்பித் துளைகளும் அதில் உண்டு. வீட்டிலுள்ள பாடல்களை அதில் சேர்த்து ஒலிபெருக்கியோடு இணைத்தால் நல்லதோர் இசைப்பெட்டி கிடைக்கும். வீட்டுக் கணிப்பொறிகளுக்குப் பொதுவான கோப்புக் களஞ்சியமாகவும் அமைக்கலாம். பழைய பதிப்பாதலின், வெளியுலக இணையத்தோடு அதனை நேரே பிணைக்காமல் வீட்டு வலைக்குள் மட்டும் வைத்திருத்தல் அறிவுடைமை. யாவற்றினும் மேலாக, கணிப்பொறி எவ்வாறு விழித்தெழுகிறது என்பதை வளரும் பிள்ளைகள் கண்ணாரக் காண இதைவிடச் சிறந்த பாடப்பெட்டி கிடைத்தல் அரிது. தவறு நேர்ந்தாலும் பெரும் இழப்பு இல்லை.

மின்செலவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இக்கருவி எந்நேரமும் சூடாகவே இருப்பது. இரவும் பகலும் இயக்கத்தக்கதன்று. 2012இல் 35 டாலர் விலையில் வெளிவந்த ராஸ்பெர்ரி பை போன்ற சிறு பலகைகள் குறைந்த மின்சாரத்தில் இப்பணியைச் செய்யவல்லவை. ஆகவே கையிலுள்ள பழைய பெட்டிக்கு வாழ்வளித்தல் நன்று; இதற்கென்றே ஒன்றைத் தேடி விலைக்கு வாங்குதல் வேண்டா. முற்றிலும் பழுதுபட்டதாயின், அதனைத் தெருக் குப்பையில் எறியாமல், மின்னணுக் கழிவுகளை ஏற்கும் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பிப்பதே முறை.

எண்ணிப் பார்ப்போம்

ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டில் பொருள்களைச் செப்பனிடும் உரிமையை வளர்க்கும் நெறிமுறை ஒன்றை நிறைவேற்றியது. துணி துவைக்கும் பொறி, குளிர்பதனப் பெட்டி, கைப்பேசி முதலியவை அதன் வரம்பில் வருகின்றன. பழைய பொருளைச் செப்பனிட்டு வாழ்தல் வறியவரின் கட்டாயம் என்று கருதப்பட்ட காலம் மாறி, வாங்குவோர் அனைவர்க்கும் உரிய உரிமை என அது ஏற்கப்படும் காலம் வந்துகொண்டிருக்கிறது.

சட்டம் வரும்வரை இல்லங்கள் காத்திருக்க வேண்டுவதில்லை. புதியதொரு கருவியை வாங்குமுன், "இது பழுதுபட்டால் திறந்து பார்க்க முடியுமா? நிறுவனம் கைவிட்டால் வேறு மென்பொருள் ஏற்குமா?" என்று கடைக்காரரை வினவுங்கள். பரணில் உறங்கும் பழைய பொருள்களை ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளோடு அமர்ந்து எடுத்துப் பாருங்கள். அவற்றுள் சில பயனற்றவையாய் இருக்கும். வேறு சிலவோ பயன்படுத்துவார் இல்லாமையால் மட்டுமே பயனற்றுக் கிடக்கும். இவ்விரண்டையும் பிரித்தறியப் பழகிய பிள்ளைகள், பொருள்களை மட்டுமன்றி மனிதரையும் எளிதில் கழித்துவிட மாட்டார்கள்.