குடவோலையில் யார் பெயர் இல்லை?

தமிழ்நாட்டின் ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடத்தில் நான்கு பிரிவுகள். வரலாற்றில் சோழர் ஆட்சி வருகிறது, குடிமையியலில் உள்ளாட்சி அமைப்புகள், புவியியலில் நீர்க்கோளம், பொருளியலில் தமிழக வேளாண்மை. நான்கையும் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான் எடுக்கிறார். இருந்தும் ஒரு பிரிவில் படித்ததை இன்னொரு பிரிவில் தேடிப் பார்க்க மாணவருக்கு வாய்ப்பே அமைவதில்லை. ஆசிரியர் அறையில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "போர்ஷன் எதுவரைக்கும் முடிச்சிருக்கீங்க?"

அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. அடுத்த ஆண்டே 100 மதிப்பெண்ணுக்குப் பொதுத்தேர்வு. ஆனால் பக்கக் கணக்கில் திட்டமிடும்போது எல்லாப் பக்கமும் ஒரே எடை பெற்றுவிடுகிறது. அமெரிக்கக் கல்வியாளர்கள் கிராண்ட் விக்கின்ஸும் ஜே மெக்டையும் 1998இல் வெளியிட்ட நூலில் இதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். பாடம் முடியும்போது மாணவருக்கு என்ன புரிந்திருக்க வேண்டும், புரிந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை முதலில் முடிவு செய். அன்றாட வகுப்பில் என்ன செய்வது என்பதைக் கடைசியாக யோசி. சொல்ல எளிது. நம் புத்தகத்தை வைத்துக்கொண்டு செய்து பார்த்தால்தான் அதன் வீச்சு தெரியும்.

உத்திரமேரூரை எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள இந்த ஊரின் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு. ஒன்று 919ஆம் ஆண்டு, மற்றது 921. ஏரி முதலிய ஊர்ப் பணிகளைக் கவனிக்கும் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க ஊரை 30 குடும்புகளாக (வட்டங்களாக) பிரித்து, தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன முறையை அவை சொல்கின்றன. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே இதைக் குறிப்பிட்டார். வகுப்பில் இது வழக்கமாக 'சோழர் காலத்து மக்களாட்சி' என்ற ஒற்றை வரியாகச் சுருங்கி, குடவோலை என்ற ஒரு மதிப்பெண் விடையாக முடிந்துபோகும்.

அந்த வரியை வைத்து ஒரு கேள்வியைக் கட்டலாம்: குடத்துக்குள் யாருடைய ஓலை போகவே முடியாது?

விடை கல்வெட்டிலேயே இருக்கிறது. பொதுவாக வரி செலுத்தும் கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். அந்தணர் சபை ஆண்ட பிரமதேய ஊர் அது. நிலமில்லாதவரும் பெண்களும் கணக்கிலேயே இல்லை. இன்னொரு பக்கம், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. இன்றைய ஊராட்சிகளுக்கே இது கடுமையான விதி! முதல் கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டில் அது 35 முதல் 70 ஆகிறது. ஏன் மாற்றினார்கள்? ஆசிரியரிடம் விடை இல்லாத கேள்வி இது, அதனாலேயே வகுப்புக்கு உகந்தது.

கல்வியாளர் சாம் வைன்பர்க் 1991இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. எட்டு வரலாற்றாய்வாளர்களிடமும் எட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடமும் ஒரே ஆவணங்களைக் கொடுத்தார். ஆய்வாளர்கள் முதலில் தேடியது எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்பதை. மாணவர்களோ நேராக வாசிக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு எல்லாமே பாடப்புத்தகம்தான். கல்வெட்டை வெட்டச் சொன்னது சபையே என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால், அதில் யாருடைய குரல் இல்லை என்பதை அவளே கேட்டுவிடுவாள்.

இதை ஐந்து பாடவேளையில் முடிக்கலாம். முதல் இரண்டும் கல்வெட்டு விதிகளுக்கு, எளிய தமிழில் எழுதிக் கொடுத்துக் குழுவாக வாசிக்க. மூன்றாவதில் ஏரி வாரியம் எதற்கு என்ற கேள்வியோடு நிலப்படம் வரும். வற்றாத ஆறு இல்லாத பகுதி. வடகிழக்குப் பருவமழையைப் பிடித்து வைத்தால்தான் விளைச்சல். ஊருக்குப் பல்லவர் காலத்து வயிரமேகத் தடாகம் இருந்தது, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரியம் தேவைப்பட்டது. 1:50,000 அளவையுள்ள நிலவரைபடத்தில் இரண்டு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். தங்கள் ஊர் ஏரியை அதில் கண்டுபிடித்து அளக்கும் மாணவருக்கு அளவை என்பதைத் தனிப் பாடமாக நடத்த வேண்டியதில்லை. வேளாண்மைப் பாடத்தில் பாசன ஆதாரங்கள் வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

நான்காவது வேளை குடிமையியலுக்கு. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் 2016இல் சட்டமானது. இவற்றை ஆண்டுப் பட்டியலாக மனப்பாடம் செய்வதற்குப் பதில், கல்வெட்டின் தகுதி விதிகளுக்கு எதிரே எழுதச் சொல்லுங்கள். நிலம் வேண்டுமா? வயது எவ்வளவு? கணக்கைக் கேட்பது யார்? கடைசிக் கேள்வி தானாகவே கிராம சபைக்குக் கொண்டுபோய்விடும்.

ஐந்தாவது வேளை தேர்வு. 'குடவோலை முறையை மக்களாட்சி என்று சொல்லலாமா? கல்வெட்டிலிருந்து இரண்டு சான்று காட்டுக.' ஆம் என்றாலும் இல்லை என்றாலும் மதிப்பெண் உண்டு, சான்று இருந்தால். மெல்லக் கற்போருக்கு இது கடினம் என்ற வாதம் எனக்கு ஒப்பவில்லை. நீண்ட விடையை மனப்பாடம் செய்ய முடியாத பிள்ளைக்கு, விதியைச் சுட்டிக்காட்டி வாதாடுவது பெரும்பாலும் எளிது. எழுதுவதில்தான் சிக்கல் வரும். அவர்களை முதலில் வாயால் சொல்ல விடலாம்.

இப்படி ஆண்டு முழுவதும் எல்லாப் பாடத்தையும் நடத்த நேரம் கிடைக்காது, முயலவும் வேண்டாம். ஒரு பருவத்துக்கு இரண்டு பாடங்களைத் தேர்ந்து ஆழமாகப் போகலாம். பேரரசுகளின் வாரிசுப் பட்டியல் போன்ற பகுதிகளைக் காலக்கோடு ஒன்று வரைந்து ஒரே வேளையில் கடக்கலாம். காலக்கோடும் நிலப்படமும் பொதுத்தேர்வில் கேட்கப்படுபவை என்பதால், தலைமையாசிரியரிடம் இதற்குத் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியிராது.