முதல் பாராமோட்டார்: எஞ்சினா, இறக்கையா?

கிள்ளான் பள்ளத்தாக்கில் பாராமோட்டார் (முதுகில் எஞ்சினைச் சுமந்து, துணி இறக்கையில் பறக்கும் கருவி) வாங்க நினைப்பவர் முதலில் பார்ப்பது எஞ்சினின் சக்தியை. ஆனால் முதலில் தேர்வு செய்ய வேண்டியது இறக்கை. ஏன்?

உங்களை மேலே தாங்குவது இறக்கைதான். எஞ்சின் முன்னே தள்ளுகிறது, அவ்வளவே. எஞ்சின் நின்றாலும் இறக்கை சறுக்கியபடி தரை சேர்க்கும். துணி இறக்கையில் சட்டம் கிடையாது. முன்விளிம்புத் துளைகளில் புகும் காற்றே, காற்றடைத்த மெத்தையைப் போல அதை விறைக்க வைக்கிறது. கொந்தளிப்பான காற்றில் அது மடங்கலாம். ஐரோப்பியத் தரச் சோதனையில் 'ஏ' வகுப்பு பெற்ற இறக்கை பெரும்பாலும் தானே விரிந்துகொள்ளும். தொடக்கநிலையாளருக்கு அதுவே ஏற்றது.

அளவு எப்படி? 75 கிலோ ஆள், 30 கிலோ இயந்திரம், சுமார் 7 கிலோ பெட்ரோல், 6 கிலோ இறக்கை: மொத்தம் 118. இறக்கையில் அச்சிட்ட எடை வரம்புக்குள் இது அடங்க வேண்டும்.

நம்மூர் வெயிலும் கணக்கில் வரும். 32 டிகிரியில் காற்றின் அடர்த்தி, 15 டிகிரியில் இருப்பதைவிடச் சுமார் 6 சதவீதம் குறைவு. எனவே கிளம்ப வேகமாக ஓட வேண்டும். எஞ்சினின் உந்துவிசையும் குறையும். அதற்காகப் பெரிய எஞ்சின் வாங்கினால் முதுகில் சுமை கூடும், முறுக்குவிசை ஒரு பக்கம் இழுக்கும்.

பிற்பகல் இடிமழையைத் தவிர்த்துக் காலையில் பறப்பதே நல்லது. சுபாங், சிப்பாங் விமான நிலையங்கள் அருகிலிருப்பதால் வான்வெளி விதிகளையும் அறிய வேண்டும். ஆகவே இவற்றையெல்லாம் கற்க முதலில் பயிற்சி, பிறகு இறக்கை, கடைசியில் எஞ்சின்.