புரையேறுவது தொண்டைப் பிரச்சினை மட்டும்தானா?

சாப்பிடும்போது யாருக்காவது புரையேறினால் "யாரோ நினைக்கிறாங்க"ன்னு சொல்லி உச்சந்தலையில் தட்டுவது நம்ம ஊர் வழக்கம். தட்டுவதால் மூச்சுக்குழாயில் ஒன்றும் நடப்பதில்லை, வேலையைச் செய்வது இருமல்தான். நல்ல உடம்புக்காரருக்கு அதோடு கதை முடிந்தது. பக்கவாதம் வந்தவர், பார்க்கின்சன் நோயாளி, மூளை வாதம் உள்ள குழந்தை இவர்களுக்கெல்லாம் தினமும் மூன்று வேளையும் இதே போராட்டம். இவர்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுப்பது என்று கேட்டால் எல்லோரும் தொண்டையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். படித்துப் பார்த்தால் பாதி விஷயம் நுரையீரலிலும் வயிற்றிலும் இருக்கிறது.

முதலில் மூச்சு. காற்றும் சோறும் தொண்டையில் ஒரே வழியாக வந்து, பிறகு பிரிகின்றன. என் தொழில் பாஷையில் சொன்னால் ஒரே ரிசோர்ஸ், இரண்டு புராசஸ். லாக் போடாமல் ஓட்ட முடியாது. நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் மூச்சு ஏறக்குறைய ஒரு வினாடி நிற்கிறது. அந்த நேரத்தில் குரல்வளை மேலே எழும்பி, குரல்நாண்கள் மூடி, குரல்வளை மூடி கவிழ்ந்து, கீழே உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. இதைவிட நுட்பமான ஏற்பாடு ஒன்று உண்டு. பெரும்பாலும் நாம் மூச்சை வெளியே விடும்போது பாதியில் நிறுத்தி விழுங்குகிறோம், விழுங்கி முடித்ததும் மிச்சத்தை வெளியே விடுகிறோம். வாசலில் ஒட்டியிருக்கும் துணுக்கு உள்ளே போகாமல் வெளியே தள்ளப்படுவது இதனால்தான். விழுங்கியதும் மூச்சை உள்ளே இழுத்தால் அந்தத் துணுக்கையும் சேர்த்து இழுப்போம்.

இப்போது ஒரு பெரியவரைக் கற்பனை செய்துகொள்வோம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொக்கிலமேடு பக்கம், 68 வயது, கடலுக்குப் போனவர், நாற்பது வருஷம் பீடி. நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி. இரண்டு மாதத்துக்கு முன் லேசான பக்கவாதம். நமக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 மூச்சு. அவருக்குச் சாப்பிடும்போது 30 போகிறது என்றால் ஒரு மூச்சுக்கு இரண்டே வினாடி. அதில் ஒரு வினாடியை விழுங்கலுக்குக் கொடுக்க உடம்பு சம்மதிக்குமா? காற்றுக்கான தவிப்பு ஜெயிக்கும், லாக் சீக்கிரமே விடுபடும். சிஓபிடி உள்ளவர்கள் உள்மூச்சுக்கு நடுவே விழுங்குவதும், விழுங்கியவுடன் மூச்சை உள்ளே இழுப்பதும் மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பீடிப் புகை மூச்சுக்குழாயில் உள்ள நுண்மயிர்களையும் கெடுத்திருக்கும், இருமலிலும் வலு இருக்காது. உள்ளே போனது வெளியே வர வழி குறைவு.

இந்த மாவட்டத்துக்கும் நுரையீரலுக்கும் பழைய உறவு. தாம்பரம் சானடோரியத்தை டாக்டர் சௌரி முத்து 1928-ல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கினார். பிசிஜி தடுப்பூசியின் மிகப் பெரிய சோதனை 1968-ல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் ஆரம்பித்தது. காசநோய் குணமான பிறகும் பலருக்குத் தழும்பான நுரையீரலும் மூச்சிரைப்பும் தங்கிவிடுகின்றன. அவர்களுக்குப் பக்கவாதம் வந்தால் மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும்.

சிகிச்சையில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. விழுங்கல் பயிற்சிகளில் பிரபலமான ஒன்று, மூச்சை நன்றாகப் பிடித்துக்கொண்டு விழுங்கி, உடனே இருமி, மறுபடி விழுங்குவது. பக்கவாதம் மட்டும் இருந்தால் சிலருக்கு நன்றாக உதவும். நம் பெரியவரை மூச்சைப் பிடிக்கச் சொன்னால் இரண்டாவது வாயிலேயே திணறுவார். அதனால் அவருக்கு முதல் சிகிச்சை மூச்சைச் சீராக்குவதுதான். இழுப்புக்கான மருந்தைச் சாப்பாட்டுக்கு முன் எப்போது கொடுப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, கொஞ்சம் ஓய்வெடுத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னச் சின்ன வாயாக, நடுவில் நிறுத்தி நிறுத்திச் சாப்பிட வேண்டும். இரைப்பு கூடினால் தட்டை எடுத்துவிடுவதே நல்லது. "இன்னும் ரெண்டு வாய்"ன்னு கெஞ்சுவது பாசம்தான், ஆனால் புரையேறுவது அந்த ரெண்டு வாயில்தான்.

மூச்சுக்கான மருந்தே விழுங்கலைக் கெடுப்பதும் உண்டு. சில இன்ஹேலர்கள் வாயை உலர்த்தும். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்துவிட்டு வாய் கொப்பளிக்காமல் விட்டால் வாயிலும் தொண்டையிலும் வெள்ளைப் பூஞ்சை படிந்து விழுங்கும்போது வலிக்கும். தியோஃபிலின் மாத்திரை இரைப்பையின் மேல்வாயைத் தளர்த்தி, அமிலம் மேலே வர வழிவிடும். அதன் நீண்ட நேர வகையை "முழுங்க முடியலையே"ன்னு பொடித்துக் கொடுப்பது இன்னும் ஆபத்து. பல மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக ரத்தத்தில் இறங்கிவிடும்.

அடுத்தது வயிறு. பலர் "இங்கேதான் அடைக்குது"ன்னு கழுத்தைக் காட்டுவார்கள், அடைப்பு நெஞ்சுக்குக் கீழே இருக்கும். கீழே நடப்பதை மேலே உணர்வது சகஜம். அமிலம் அடிக்கடி மேலே வந்தால் குரல்வளையின் உணர்வு மங்கும். அப்புறம் உள்ளே ஏதாவது போனாலும் இருமல் வராது. சத்தமில்லாமல் நடக்கும் இந்தப் புரையேறலைத்தான் வீட்டில் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

நம் பெரியவருக்கு இது ஒரு வட்டமாகச் சுழலும். இருமும்போது வயிற்றில் அழுத்தம் கூடி அமிலம் மேலே வரும். அமிலம் பட்டால் மூச்சுக்குழாய் சுருங்கும். இரைப்பு கூடினால் விழுங்கல் கெடும், மறுபடி இருமல். இதோடு மலச்சிக்கல் சேர்ந்தால், உப்பிய வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளி மூச்சுக்கான இடத்தையே குறைக்கும். மலச்சிக்கலுக்குப் பார்த்த வைத்தியம் விழுங்கலுக்கு உதவுகிறது என்றால் முதலில் நம்பத் தோன்றாது. மூளை வாதம் உள்ள குழந்தைகளிடமும் எதிர்க்களிப்பு, மலச்சிக்கல், சளி மூன்றும் கூட்டாகத்தான் வரும். ஈசிஆரில் முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனத்துக்கு வரும் பெற்றோரில் பலருக்கு இது பழகிப்போன கதையாக இருக்கும்.

"தண்ணி புரையேறுது, கெட்டியா குடுங்க" என்பது பொதுவான அறிவுரை. கெட்டியானது மெதுவாக நகரும், தொண்டைக்கு மூடிக்கொள்ள நேரம் கிடைக்கும். சரிதான். ஆனால் கெட்டித் தண்ணீரை யாரும் ஆசையாகக் குடிப்பதில்லை. குடிப்பது குறைந்தால் சளி இறுகும், மலமும் இறுகும். அமெரிக்காவில் 515 பேரிடம் நடந்து 2008-ல் வெளியான ஆய்வில், திரவத்தைக் கெட்டியாக்கியவர்களுக்கும் முகவாயைத் தாழ்த்தி விழுங்கியவர்களுக்கும் மூன்று மாதத்தில் நிமோனியா வந்ததில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. நிமோனியா வந்தவர்களில், தேன் பதத்தில் குடித்தவர்கள் நடுமதிப்பாக 18 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அதைவிட நீர்த்த பதத்தில் குடித்தவர்களுக்கு 4 நாள். கெட்டியானது நுரையீரலுக்குள் போய்விட்டால் வெளியேற்றுவது கடினம் என்பது எனக்குப் பொருத்தமான விளக்கமாகப் படுகிறது. இருமல் வலுவில்லாத சிஓபிடிக்காரருக்கு இந்த அறிவுரையை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

எவ்வளவு கெட்டி என்பதை வீட்டிலேயே அளக்கலாம். ஐடிடிஎஸ்ஐ என்ற சர்வதேச அளவுமுறையில் ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சு போதும் (அவர்கள் சொல்லும் நீளத்தில் இருக்க வேண்டும்). 10 மில்லி ஊற்றி, அடைத்த விரலை எடுத்து, 10 வினாடியில் மறுபடி அடைக்க வேண்டும். 1 முதல் 4 மில்லி மிச்சமிருந்தால் முதல் நிலை, 4 முதல் 8 என்றால் இரண்டு, 8-க்கு மேல் மூன்று. கேழ்வரகுக் கஞ்சியைச் சூடாக ஒருமுறை, ஆறியபின் ஒருமுறை அளந்து பாருங்கள், நிலையே மாறிவிடும். இன்னொரு விஷயம், கஞ்சியின் கெட்டி மாவுச்சத்தால் வருவது. எச்சில் பட்ட ஸ்பூனைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால், எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை நீர்த்துப்போகச் செய்யும். முதல் ஸ்பூனில் புரையேறாதவருக்குக் கடைசி ஸ்பூனில் புரையேற இதுவும் காரணமாகலாம்.

மோசமானவை இரண்டு பதம் கலந்தவை. ரசம் சாதத்தில் ரசம் முன்னால் ஓடிவிடும், பருக்கை வாயில் நிற்கும். ஈசிஆர் ஓரத்தில் விற்கும் நுங்கும் அப்படித்தான், வழுக்கும் சதைக்குள் தண்ணீர். குழைந்த தயிர் சாதத்தை மசித்துக் கொடுப்பது பரவாயில்லை. மீன் என்றால் முள்ளை விரலால் தடவிப் பார்த்து மசிக்க வேண்டும். சாப்பிட்டதும் படுக்கவிடாமல் குறைந்தது அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும்.

"மூக்கில டியூப் போட்டாச்சு, இனிமே பயமில்லை" என்பதும் முழு உண்மை இல்லை. குழாய் இரைப்பையின் மேல்வாயை லேசாகத் திறந்தே வைத்திருக்கும், பால் மேலே வரலாம். வயிற்றில் நேரடியாக வைக்கும் குழாயிலும் எச்சில் புரையேறுவது நிற்காது. தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைக்காமல் குழாயில் ஊற்றவே கூடாது.

சூசன் லாங்மோர் குழுவினர் 1998-ல் 189 முதியவர்களை வைத்து வெளியிட்ட ஆய்வில், புரையேறி வரும் நிமோனியாவை முன்கூட்டிக் காட்டியவை எவை தெரியுமா? பிறர் ஊட்டிச் சாப்பிடுவது, பிறர் வாய் சுத்தம் செய்யவேண்டிய நிலை, சொத்தைப் பற்கள், குழாய் உணவு, புகைப்பழக்கம். விழுங்கல் கோளாறு முக்கியம்தான், ஆனால் அது மட்டுமே போதவில்லை. எச்சிலோடு உள்ளே போவது வாயில் வளரும் கிருமிதானே. குழாயில் சாப்பிடுபவருக்கு வாயே பயன்படவில்லை என்று பல் விளக்குவதை விட்டுவிடுகிறோம். அவருக்குத்தான் அது அதிகம் தேவை.

காய்ச்சல், சளியின் நிறம் மாறுவது, சாப்பிட்டபின் குரல் கொழகொழப்பது, எடை குறைவது இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். முதலில் சோறு, பிறகு கஞ்சி என்று படிப்படியாக அடைத்துக்கொண்டே வந்தால் எண்டோஸ்கோப்பி பார்த்தே ஆகவேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருபவரிடம் பிரஷர், சுகர் பார்க்கும்போது இதையும் சொல்லுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குப் போனால், மூச்சுக்கு என்ன மாத்திரை, மலம் கடைசியாக எப்போது போனது, ஒரு வேளை சாப்பிட எத்தனை நிமிஷம் ஆகிறது என்ற மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.