நாலரை ஏக்கர் திராட்சைத் தோட்டமும் நம்ம மிளகு மூட்டையும்

தேனி மாவட்டம் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம் அது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தது என்று அங்கே சொல்வார்கள். வருடம் முழுக்க ஏதாவது ஒரு பந்தலில் அறுப்பு நடக்கும். வங்கியில் இருந்தபோது அந்தப் பக்கம் திராட்சைக்குக் கடன் கொடுத்திருக்கிறேன். படிவத்தில் ஏக்கர், கொடி, கிலோ எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. மண்ணோட ருசிக்குக் கட்டம் கிடையாது.

பிரான்ஸ்காரர்கள் அந்த ருசியை வைத்துத்தான் கணக்கே போடுகிறார்கள். பர்கண்டிப் பகுதியில் ரோமனே கோன்டி என்று ஒரு தோட்டம். மொத்தம் 1.8 ஹெக்டேர், நம்ம கணக்கில் நாலரை ஏக்கர்தான். ஒரு காலத்தில் துறவி மடத்து நிலம். 1760ல் கோன்டி இளவரசர் வாங்கினார், அவர் பேர் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சுப் புரட்சியில் அரசு பறித்து விற்றது. 1942 முதல் இரண்டு குடும்பங்கள் கூட்டாக நடத்துகின்றன.

கையால் பறித்து, அழுகலை ஒதுக்கி, குலைகளை மரத்தொட்டியில் போடுகிறார்கள். தோலில் இருக்கிற நுண்ணுயிரே புளிக்க வைக்கிறது, நம்ம இட்லி மாவு மாதிரி. பிறகு ஓக் பீப்பாயில் ஒன்றரை வருடம் போல ஊறும். வருடத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் பாட்டில்தான். இதைக் குடிக்கச் சொல்லி எழுதவில்லை, நிலத்தை நடத்துகிற விதத்துக்காக எழுதுகிறேன்.

அமெரிக்காவிலிருந்து வந்த வேர்ப்பேன் ஐரோப்பாவின் கொடிகளை அழித்தது. இந்தத் தோட்டம் 1945 வரை தாக்குப்பிடித்தது. அந்த வருடம் கிடைத்தது சுமார் 600 பாட்டில். பிறகு பிடுங்கி மறுநடவு செய்தார்கள். 1952 வரை அந்தப் பெயரில் ஒரு பாட்டில்கூட வரவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பழத்தை வாங்கி, பேரை ஓட்டவில்லை. அந்த 1945 பாட்டில் ஒன்று 2018ல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது.

1980களில் ரசாயனத்தை விட்டார்கள். 2007 முதல் முழுத் தோட்டமும் உயிராற்றல் வேளாண்மை, அதாவது கொம்பு சாண உரம். டிராக்டர் மண்ணை அமுக்கும் என்பதால் குதிரை கட்டி உழுகிறார்கள்.

இப்போ நம்ம கொல்லிமலைக்கு வருவோம். பெரக்கரை நாட்டில் சில்வர் ஓக்கில் ஏறிய மிளகும், நிழலில் காய்த்த காப்பியும் யாருக்கும் சளைத்ததில்லை. ஆனா என்ன நடக்குது? மருந்தடிக்காத மிளகும் மருந்தடித்த மிளகும் ஒரே சாக்கில் விழுது. எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்குறதுக்குள்ள ஊர்ப் பேரும் இறங்கிப் போகுது. விலை ரெண்டுக்கும் ஒண்ணுதான். கட்டாதபோது காட்டை வெட்டி மரவள்ளி போடத் தோணும். மேல்மண் மழையோட போகும்.

ஐந்து உழவர்கள் சேர்ந்தால் பங்கேற்பு உத்தரவாத முறையில் குழு தொடங்கலாம். பழுத்த சரத்தை மட்டும் பறிக்கணும். தார்ப்பாயில் காயப்போட்டு, ஒவ்வொரு தோட்டத்து மிளகையும் தனிச் சாக்கில் கட்டணும். சாக்கில் நாட்டின் பேர், வருடம் எழுதணும். வெளிச்சரக்கு ஒரு படிகூடக் கலக்கக் கூடாது. புவிசார் குறியீடு கேட்பதும் தனி ஆளால் முடியாது, உற்பத்தியாளர் சங்கம் போன்ற அமைப்புதான் கேட்கணும்.

முதல் வருடமே விலை ஏறிவிடாது. ஆனா தனியா வைத்த சரக்கைத்தான் தனி விலை கேட்க முடியும். இந்தத் தை அறுப்புக்கு முன்னாடி மலையில் இருக்கிற உழவர்கள் வாங்க, ஒண்ணா உட்கார்ந்து பேசுவோம்.