கணிப்பொறியின் தொடக்கத் தாமதம்: காரணமும் தீர்வும்

சொல்லடைவு தொகுப்பதற்கும் ஆய்வேடு அச்சிடுவதற்கும் தமிழ் பயில்வோர் இன்று கணிப்பொறியையே நாடுகின்றனர். ஆயினும், பொத்தானை அழுத்தித் திரை ஒளிர்ந்த பின்னரும் சில நிமிடங்கள் அது நம் கட்டளைக்குச் செவிசாய்ப்பதில்லை. பழுதாகிவிட்டது எனக் கருதி மின்தொடர்பைத் துண்டிப்பாரும், கடன்பட்டுப் புதிய கருவி வாங்க முற்படுவாரும் உளர். இத்தாமதம் ஏன் நிகழ்கின்றது என்பதை ஈண்டுக் காண்போம்.

நினைவகமும் வன்தட்டும்

கணிப்பொறியில் தரவுகள் தங்கும் இடங்கள் இரண்டு. நினைவகம் மிக விரைவானது. ஆனால் மின்சாரம் நின்றதும் அதிலுள்ளவை அழிந்துபோகும். வன்தட்டு மெதுவானது, எழுதியதை இழக்காமல் காப்பது. எனவே, கணிப்பொறியை முற்றிலும் நிறுத்தித் தொடங்கும்போதெல்லாம் இயங்குதளமும் அதனைச் சார்ந்த நிரல்களும் வன்தட்டிலிருந்து நினைவகத்திற்குப் புதிதாக ஏற்றப்பட வேண்டும்.

மடிக்கணினிகளில் பெரிதும் பயன்பட்டுவந்த வன்தட்டு நிமிடத்திற்கு 5400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழல்வது. தேடும் தரவு படிக்கும் முனையின்கீழ் வந்துசேரச் சராசரியாக அரைச்சுற்று ஆகும். இது நொடியில் ஆயிரத்தில் ஐந்தரைப் பங்கு. அம்முனை உரிய தடத்திற்கு நகர்வதற்கு ஏறத்தாழ இதனினும் இருமடங்கு நேரம் வேண்டும். ஆகவே, தட்டில் ஆங்காங்கே சிதறிக்கிடக்கும் சிறு தரவுகளை நொடிக்கு ஏறத்தாழ அறுபது முறைதான் அதனால் எடுத்துத்தர இயலும். தொடக்க வேளையிலோ ஆயிரக்கணக்கான கோரிக்கைகள் ஒருங்கே வந்து குவிகின்றன.

ஒரு மடையும் பல வயல்களும்

கண்மாய்ப் பாசனத்தில் வளர்ந்த நம் புதுக்கோட்டை மாவட்டத்தார்க்கு இதனை விளக்குதல் எளிது. கண்மாயில் நீர் நிறைந்திருப்பினும், மடை ஒன்றாய் இருக்க, எல்லா வயல்களும் ஒரே வேளையில் நீர் கேட்டால் எந்த வயலும் விரைவில் நிறையாது. வன்தட்டே இங்கு மடையாகும். நச்சுநிரல் தடுப்பு மென்பொருள், புதுப்பிப்பு நிரல், நாம் நிறுவிய பிற மென்பொருள்கள் ஆகிய யாவும் அதன்முன் வரிசையில் நிற்கின்றன. திரையில் படம் தோன்றியதும் கணிப்பொறி ஆயத்தமாகிவிட்டதாக நாம் எண்ணுகின்றோம். உண்மையில், பயனாளர் காத்திராமல் இருக்கும்பொருட்டுத் திரை முந்திக் காட்டப்படுகின்றது. பணிகள் பின்னணியில் தொடர்கின்றன. பொறுமையிழந்து நாம் பலமுறை சொடுக்கினால், அச்சொடுக்குகளும் வரிசையை நீட்டிக்கும்.

செய்யத்தக்கன

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. சிற்றூர் மாணவர் பலரின் இல்லத்திற்குள் முதன்முதலாக நுழைந்த கணிப்பொறி அதுவே. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்டவை சுழலும் வன்தட்டுக் கொண்டவை. அத்தகைய கருவியை மெதுவாக இருப்பது ஒன்றனையே காரணமாகக் கொண்டு ஒதுக்கிவிடுதல் முறையன்று.

முதலாவதாக, தொடக்கத்திலேயே இயங்கும் நிரல்களுள் வேண்டாதனவற்றை நிறுத்த வேண்டும். விண்டோஸ் 8 வெளிவந்த 2012 முதல், ‘டாஸ்க் மேனேஜர்’ பகுதியிலுள்ள ‘ஸ்டார்ட்அப்’ பட்டியலில் இதனைச் செய்யலாம். நச்சுநிரல் தடுப்பை மட்டும் நிறுத்தலாகாது.

இரண்டாவதாக, வன்தட்டிற்கு மாற்றாக எஸ்.எஸ்.டி. பொருத்தலாம். இதில் சுழலும் தட்டும் நகரும் முனையும் இல்லை. சிதறிய தரவையும் வன்தட்டினும் நூறு மடங்கிற்குமேல் விரைவாக எடுத்துத்தரும். பழைய கருவிக்கும் இம்மாற்றம் புத்துயிர் அளிக்கும். செலவும் புதுக்கருவியின் விலையில் சிறு பகுதியே ஆகும்.

மூன்றாவதாக, வன்தட்டு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்போது மின்தொடர்பைத் துண்டித்தல் கூடாது. எழுதப்பட்டுவரும் கோப்பு அப்போது சிதையக்கூடும்; பல மாத உழைப்பில் உருவான ஆய்வேடும் அதனோடு போகலாம்.

முடிவாக, தொடக்கத் தாமதத்தைக் கண்டதும் கணிப்பொறியின் ஆயுள் முடிந்ததெனக் கொள்ளற்க. பெரும்பாலும் அது மடையில் நேர்ந்த நெருக்கடியே. சில நிமிடம் பொறுத்து, பின் மடையைச் சீர்செய்தல் அறிவுடைமையாகும்.