தானே விழிக்கும் ரிசீவரும் மின்கட்டணமும்

கேரளத்தின் தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்குள்ள இல்லங்களிலும் ஹோம் தியேட்டர் இடம்பெறத் தொடங்கியுள்ளது. அதில் ஒலியைப் பெருக்கிப் பிரித்தளிக்கும் ரிசீவர், எவரும் தொடாமலே இயங்கத் தொடங்குவதுண்டு. பெரும்பாலும் இது பழுதன்று. மற்றொரு கருவியின் கட்டளையேயாகும்.

தொலைக்காட்சியையும் ரிசீவரையும் இணைக்கும் எச்.டி.எம்.ஐ. கேபிளில், ஒலி, ஒளியுடன் சி.இ.சி. எனப்படும் கட்டளைத் தடமும் உண்டு. செட்டாப் பெட்டி விழித்தால், இத்தடத்தின் வழியே ரிசீவரும் விழிக்கும். எனவே முதற்கண் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தல் வேண்டும். எதைக் கழற்றியதும் தொல்லை நிற்கிறதோ, அக்கருவியில் சி.இ.சி. வசதியை நிறுத்திவிடலாம். தொல்லை தொடர்ந்தால் வைஃபை, புளூடூத், நேர அமைப்பு ஆகியவற்றை நிறுத்திப் பார்க்க வேண்டும்; ரிமோட்டின் மின்கலத்தையும் அகற்ற வேண்டும். மின்தடை நீங்கும்போது மட்டும் இயங்குமாயின், மின்சாரம் மீண்டதும் பழைய நிலைக்குத் திரும்பும் அமைப்பு காரணமாகலாம். இவை அனைத்திற்குப் பின்னும் தானே இயங்கினால், பழுதுபார்ப்பவரை நாடுவதே முறை.

இதில் பொருளாதாரக் கூறும் உண்டு. வீணே விழித்திருக்கும் ரிசீவர் 50 வாட் ஈர்ப்பதாகக் கொண்டால், நாளொன்றுக்கு 20 மணி நேரத்தில் ஒரு யூனிட்டும், மாதத்தில் 30 யூனிட்டும் செலவாகும். கேரளத்தில் வீட்டு நுகர்வு மாதம் 250 யூனிட்டைக் கடப்பின், முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த கட்டணம் விதிக்கப்படுகிறது. 230 யூனிட் செலவிடும் குடும்பத்தை இந்த 30 யூனிட் எல்லை தாண்டச் செய்யும். 1976இல் இயங்கத் தொடங்கிய இடுக்கி மின்நிலையம் இன்று 780 மெகாவாட் திறனுடையது. எனினும் அதன் உற்பத்தி மழையைச் சார்ந்ததே. உறங்கும் நேரத்தில் சுவர் ஸ்விட்சை அணைப்பது எளிய சிக்கனமாகும்.